நாகூர் வீட்டுக்குள் ஓதம்! மிஷின் வாங்கும் முன் தெருவைப் பாருங்க

நாகூரில் பாதாள அறை கட்டிய வீடு அபூர்வம். கடலோர மண்ணில், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும் இடத்தில் யார் கட்டுவார்கள்? ஆனால், கட்டாமலே பாதாள அறை வந்து சேரும். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே கொட்டிக்கொண்டு போனால், படியேறிப் போன வீடு ஒருநாள் படியிறங்கிப் போகும் வீடாகிவிடும். தமிழ்நாட்டில் எத்தனையோ பழைய தெருக்கள் இப்படித்தான் ஆயின.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஐப்பசி பிறந்தால் மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்கும். செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். கூடவே உப்பும் ஏறும். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து மாவாய்க் கொட்டும். பீரோவில் வீட்டுப் பத்திரம் பூசணம் பிடிக்கும். அரிசி மூட்டை அடியில் கட்டி தட்டும். இழுப்பு உள்ள குழந்தை ராத்திரி தூங்காது. "உப்புக்காத்து, என்ன பண்றது?" என்று காற்றின் மேல் பழி போட்டுவிட்டு சும்மா இருப்பது சுலபம். காற்றுக்கும் பங்கு உண்டுதான். பாதிக் குற்றவாளி காலடியில் இருக்கிறான்.

சத்தமில்லாத வழி

காசுள்ளவர்கள் ஈரம் உறிஞ்சும் மிஷின் வாங்குகிறார்கள். வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் பிரிட்ஜ் மாதிரி அதற்குள்ளும் கம்ப்ரஸர் ஓடுகிறது. தொட்டில் பக்கத்தில் விடிய விடிய அந்த இரைச்சலா? கரண்ட் பில் வேறு.

பாட்டி காலத்துச் சுண்ணாம்புப் பானை சத்தம் போடாது. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு பிடித்து வைப்பது சுமார் 320 கிராம் தண்ணீர்தான். பத்துக்குப் பத்து அறையில், மழைக்காலக் காற்றில் மட்டுமே அரை லிட்டருக்கு மேல் இருக்கும். சுவர் வேறு கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பானை பீரோவுக்குச் சரி, அறைக்குப் பத்தாது. குழந்தை கைக்கு எட்டாமல் வைக்கணும். தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

ஈரத்துணியை அறைக்குள் கொடியில் போடாமல் இருப்பது அதைவிட மேல். ஒரு வாளித் துணி உலர்ந்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் வீட்டுக்குள்தானே நிற்கும்? வெயில் அடிக்கும் மதியத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். மழை ராத்திரியில் மூடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், மூட்டையைப் பலகை மேல் ஏற்றுங்கள்.

பெரிய தப்பு ஒன்று நடக்கிறது. பொரிந்த பழைய சுவரில் சிமெண்ட் பூசுவது! சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறி, அங்கே பூக்கும். வருஷா வருஷம் செலவு, வருஷா வருஷம் அதே சுவர்.

2021 உத்தரவு

சரி, தெருத் தண்ணீரை யார் நிறுத்துவது? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும், ரோடு உயரக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதிவிட்டார். காரணமும் அதுதான்: மழைத்தண்ணீர் வீட்டுக்குள் போகக் கூடாது.

காகிதம் இருக்கிறது. காண்டிராக்டர் லாரி தெருமுனைக்கு வரும்போது, தார் கொட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பழசைச் சுரண்டியாச்சா?"