உங்க லைன்ல தான் பிரச்சினையாம்

"இங்க எல்லாம் நல்லா வேலை செய்யுது. உங்க லைன்ல தான் பிரச்சினை."

வீட்டிலிருந்து கொம்பியூட்டர் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம். நான் ரெண்டு கையையும் தூக்குறேன்.

ஹுன்னஸ்கிரிய டவுனில் இருந்து எஸ்டேட் பக்கமா ஏறினா எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி வீடு. ஏ/எல் முடிச்சவ. கண்டியில் ஒரு கணக்கு ஒபிஸுக்கு வேலை செய்றா. காலையில் லெப்டொப்பைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டொப் வழியாக ஒபிஸ் சேர்வருக்குள் போய், பில்களைப் பார்த்துப் பார்த்துப் பதிய வேண்டும். விடியக்காலை மஹியங்கனை ரோட்டில் நின்று கண்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகத் தேவையில்லை என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். அம்மா மலைக்குப் போற நேரம் இவளும் வேலையை ஆரம்பிப்பா.

நாலு மாசம் நல்லா ஓடிச்சு. ஒரு நாள் காலையில் சேர்வர் உள்ளே விடவில்லை. ஒபிஸுக்கு போன் எடுத்தா, மேலே இருக்கிற அதே வசனம். ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணினா. போனில் பெரிய டேட்டா பெக்கேஜ் போட்டா. அண்ணனிடம் கடன் வாங்கி வேற சிம் வாங்கினா. மூணு நாள். அந்த மூணு நாள் சம்பளம் வெட்டு. "லயத்துல இருந்தா லைன் அப்படித்தான் இருக்கும்" என்று ஒபிஸில் யாரோ பகிடி விட்டதையும் அவ கேட்டிருக்கா.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். திரையில் வந்த செய்தி இங்கிலிஷில் தெளிவாக இருந்தது: லைசன்ஸ் தருவதற்கு ரிமோட் டெஸ்க்டொப் லைசன்ஸ் சேர்வர் எதுவும் இல்லாததால் இணைப்பு துண்டிக்கப்பட்டது, சேர்வரை நிர்வகிப்பவரைத் தொடர்புகொள்ளவும். லைன் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அதை அவ முதல் நாளே படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. ரெண்டு நீலச் சரி விழுந்திருந்தது. வாசிச்சவங்க யாருமில்ல.

நடந்தது இதுதான். விண்டோஸ் சேர்வரில் நிர்வாக வேலைக்கு ரெண்டு பேர் வரைக்கும் தனி லைசன்ஸ் இல்லாமல் ரிமோட்டில் நுழையலாம். அதற்கு மேலே பல பேர் உள்ளே வந்து அன்றாட வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கான சேவையை நிறுவி, ஆளுக்கு அல்லது கருவிக்கு ஒன்றாக லைசன்ஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டாலும் மைக்ரோசொப்ட் 120 நாள் அவகாசம் தருகிறது. 120 நாள் என்றால் நாலு மாசம். அது முடிந்த அன்றைக்கு சாதாரணப் பயனாளர்களுக்குக் கதவு அடைபடும். நிர்வாகிக்கு மட்டும் தனி வழி உண்டு. அந்த வழியில் போனால் லைசன்ஸ் கேட்காது. அதனால்தான் ஒபிஸில் இருந்தவருக்கு "எல்லாம் நல்லா வேலை செய்யுது". அவர் பொய் சொல்லவில்லை. தன் கதவு திறக்குதே என்று பார்த்துவிட்டு மற்றவர்களின் கதவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார், அவ்வளவுதான். இத்தனை நாளில் அவகாசம் முடியப் போகிறது என்று சேர்வர் நிர்வாகியின் திரை மூலையில் எச்சரிக்கை காட்டும். அதை எத்தனை தடவை மூடினாரோ!

இதை வாசிக்கிறபோது எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு இத்தனை, கூடைக்கு இத்தனை என்று கிலோ கழிப்பாங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர். தராசு சரியா என்று கேட்டால் கேட்டவளைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பாங்க. இப்போ பிள்ளைகள் மலையை விட்டு லெப்டொப்புக்கு வந்தாச்சு. அரைப்பேரும் கூடவே வந்திருக்கு, "லைன்" என்ற புதுப் பேரில். அம்மாமார் தராசு முள்ளைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாங்க. நாம திரையில் வருகிற செய்தியை வாசிக்காமலே ஓகே அழுத்திவிட்டு ரவுட்டரைக் கழற்றுகிறோம். என் கோபத்தில் பாதி ஒபிஸ்காரர் மேல். மீதிப் பாதி நம்ம மேல்.

லைன் கெட்டுப் போவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நக்கிள்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் மழை இறங்கினா சிக்னல் போகும். லூல்வத்தை, மீமுரே பக்கம் போனவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் லைன் கோளாறுக்கு ஒரு முகம் இருக்கு. உள்ளே போவீங்க, திரை உறையும், மவுஸ் இழுத்த இடத்துக்கு அரை நிமிஷம் கழித்து வரும், திரும்ப இணைக்க முயற்சி செய்கிறேன் என்று பெட்டி வரும், பிறகு சரியாகும், மறுபடி போகும். ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே செய்தியோடு, அதே மாதிரி முகத்தில் அடித்துக் கதவு சாத்தினால் அது மழையும் இல்லை, மலையும் இல்லை. யாரோ எங்கேயோ வைத்த ஒரு விதி.

எந்தப் பக்கத்து விதி என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளையோடு சேர்வரின் பெயரையும் போர்ட் 3389 என்பதையும் கொடுங்க. ரிமோட் டெஸ்க்டொப் வழக்கமாகக் காது கொடுக்கிற வாசல் அது. உங்க ஒபிஸ் வேற எண் வைத்திருந்தால் அந்த எண். விபிஎன் போட்டுத்தான் போகணும் என்றால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்க. கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் உங்க லைன் வாசல் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் பாஸ்வேர்ட், அனுமதி, லைசன்ஸ் சமாச்சாரம். ஃபோல்ஸ் என்று வந்தால் அவசரப்பட்டு உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீங்க. பக்கத்து வீட்டுக்காரரின் வேற கம்பனி சிம்மில் ஹொட்ஸ்பொட் போட்டு மறுபடி பாருங்க. ரெண்டு லைனிலும் யூடியூப் ஓடுது, ரெண்டிலும் இது ஃபோல்ஸ் என்றால் கண்டிக்காரர் எழும்பி சேர்வரைப் பார்க்கத்தான் வேண்டும். பிங் போகவில்லையே என்று சொல்வாங்க. பல சேர்வர்களில் பிங்கை வேண்டுமென்றே அடைத்து வைப்பாங்க. அது சாட்சி இல்லை.

இன்னொரு செய்தி எல்லாருக்கும் தெரிந்ததே. ரிமோட் டெஸ்க்டொப்பால் இணைக்க முடியவில்லை, காரணம் இவற்றில் ஒன்று என்று மூணு காரணம் வரும். சேர்வரில் ரிமோட் அனுமதி இயக்கப்படவில்லை. அந்தக் கொம்பியூட்டர் ஓஃபில் இருக்கிறது. அந்தக் கொம்பியூட்டர் நெட்வேர்க்கில் கிடைக்கவில்லை. மூன்றையும் நிதானமாக வாசியுங்க. முதல் இரண்டும் அவங்க பக்கம். மூன்றாவதில் மட்டும் நமக்கும் பங்கு இருக்கலாம். எப்போதும் நம்மிடம் பேசுவது அந்தப் பங்கை மட்டும். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போ வலயத்துக்கு வலயம் நேரம் வேற. எங்க பக்கம் கரண்ட் இருந்த நேரம் கண்டியில் சேர்வர் செத்துக் கிடந்தது. அப்பவும் எனக்குக் கிடைத்த பதில் "தம்பி, உங்க லைன்" தான்.

இந்த மாதிரி இன்னும் இருக்கு. சேர்வருக்குப் போகும் வழியில் "இந்த முகவரிகளிலிருந்து மட்டும் விடு" என்று பட்டியல் வைப்பாங்க. நல்ல விஷயம்தான். ஆனால் கரண்ட் போய் வந்தால் வீட்டு ரவுட்டருக்கு வேற ஐபி முகவரி விழுவது சாதாரணம். பட்டியல் பழையது, கதவு திறக்காது. பார்க்க லைன் கோளாறு மாதிரியே இருக்கும். பட்டியலைத் திருத்த ரெண்டு நிமிஷம். அதே மாதிரி பாஸ்வேர்ட் காலாவதி. சேர்வரில் என்எல்ஏ, அதாவது திரையைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஆளை யார் என்று கேட்கிற பாதுகாப்பு, போட்டிருந்தால் காலாவதியான பாஸ்வேர்ட்டை அங்கிருந்தே மாற்ற விடாது. ஒபிஸுக்குள் இருப்பவர் தன் மேசையிலேயே மாற்றிக்கொள்வார். மலையில் இருப்பவள் திங்கட்கிழமை காலை வெளியில் நிற்பாள்.

இங்கேதான் அடுத்த கூத்து தொடங்கும். மூணு நாள் அல்லாடிய பிறகு யாராவது ஒரு யூடியூப் வீடியோவை அனுப்புவாங்க. "நண்பர்களே, முதல்ல பயர்வோலை ஓஃப் பண்ணுங்க, அடுத்தது என்எல்ஏவை ஓஃப் பண்ணுங்க, ரவுட்டர்ல 3389ஐத் திறந்து விடுங்க, அவ்வளவுதான்!" வேலை செய்யும். வீட்டுச் சாவி தொலைந்தால் கதவையே கழற்றி வைத்தாலும்தான் உள்ளே போகலாம்.

2018 மே மாதம் மைக்ரோசொப்ட் ஒரு பாதுகாப்பு மாற்றம் செய்தது. புதுப்பித்த கொம்பியூட்டர், புதுப்பிக்காத சேர்வரோடு பேச மறுத்தது. சரியான வைத்தியம் சேர்வரைப் புதுப்பிப்பது. பல பேர் செய்ததோ தங்க கொம்பியூட்டரில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தியது, அல்லது அப்டேட்டையே கழற்றியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2019 மே மாதம், புளூகீப் வந்தது. பழைய விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப்பில் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே உள்ளே புகக்கூடிய ஓட்டை. ஆதரவை எப்பவோ நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும் சேர்வர் 2003க்கும்கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு பயந்திருப்பாங்க என்று பாருங்க. அந்த நேரம் என்எல்ஏ போட்டு வைத்தவர்களுக்கு ஓரளவாவது தடுப்பு இருந்தது. வீடியோ பார்த்து ஓஃப் பண்ணியவர்களுக்கு அதுவும் இல்லை.

நமக்கு ஏன் இதெல்லாம், சின்ன ஒபிஸ் தானே என்பாங்க. 2023 ஓகஸ்ட்டில் நம்ம அரசாங்கத்தின் கிளவுட்டில் ரென்சம்வேர் புகுந்தது ஞாபகம் இருக்கா? அது ரிமோட் டெஸ்க்டொப் கதை இல்லை. ஆனால் மனப்பான்மை ஒன்றுதான். காலம் கடந்த மின்னஞ்சல் மென்பொருள், தள்ளிப்போட்ட மேம்படுத்தல். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்களுக்குப் பிரதியே இல்லாமல் போனது. பாதிக்கப்பட்ட முகவரிகள் சுமார் 5,000. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், 3389ஐ உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டு நாலு கடையின் கணக்கை வைத்திருக்கிற ஒரு ஒபிஸ் எந்த மூலைக்கு? அதுவும் புகுந்தால் யாருடைய பாஸ்வேர்ட் வழியாக வந்தான் என்று தேடுவாங்க. வெளியில் இருந்து வேலை செய்கிற பிள்ளை பேர்தான் முதலில் வரும்.

சின்ன ஒபிஸ்காரருக்கு ஐடி ஆள் வைக்க வசதியில்லை என்பது உண்மை. நான் அவங்களிடம் ஐடி டிபார்ட்மென்ட் கேட்கவில்லை. சம்பளத்தில் கை வைக்கிறதுக்கு முன்னால சேர்வரின் ஈவென்ட் வியூவரை ஒரு தடவை திறந்து பாருங்க என்கிறேன். பாஸ்வேர்ட்டோ கணக்கோ காரணமாக ஆளைத் திருப்பி அனுப்பியிருந்தால் 4625 என்ற எண்ணில், யார், எத்தனை மணிக்கு, ஏன் என்று எழுதியிருக்கும். லைசன்ஸ் பிரச்சினை என்றால் அதற்கும் தனிப் பதிவு இருக்கும். அங்கே எதுவுமே இல்லையென்றால் பிறகு பேசலாம் லைனைப் பற்றி.

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கு. இங்கிலிஷில் பெட்டி வந்தவுடனே வெட்கப்பட்டு மூடுகிற பழக்கம் நமக்கு நிறைய. தெரியாத சொல் இருந்தால் போனில் மொழிபெயர்த்தாவது வாசிக்கலாம். "கனெக்ட் ஆகல சேர்" என்று மட்டும் அனுப்பினால் "லைன்" என்ற பதில்தான் வரும். செய்தியின் படம், நேரம், ரெண்டு லைனில் பார்த்த முடிவு, இவ்வளவையும் வட்ஸ்அப்பில் இல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புங்க. அது நாளைக்குச் சம்பளம் வெட்டும்போது கையில் இருக்கிற துண்டு.

தங்கச்சி அன்றைக்கே அப்படி ஒன்று எழுதினா. தமிழில்தான் எழுதினா, செய்தியை மட்டும் அப்படியே இங்கிலிஷில் போட்டா. அடுத்த நாள் மத்தியானம் சேர்வர் திறந்தது. லைசன்ஸ் வாங்கினாங்களா, வேற ஏதாவது குறுக்கு வழியா என்று தெரியாது. ஒபிஸில் இருந்து வந்த பதில் ஒரே ஒரு வரி: "இப்போ பாருங்க, லைன் சரியாயிருக்கும்." மூணு நாள் சம்பளத்தைக் கேட்டு ரெண்டாவது மின்னஞ்சலும் போயிருக்கு. இதை எழுதுகிற வரைக்கும் பதில் வரவில்லை.