டீஃபால்ட்டுக்கு யார் பொறுப்பு?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் பாதுகாப்புப் பேட்ச்கள் 2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு நிற்கின்றன. வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஹைப்பர்-வி ஹோஸ்ட்களை 2019-க்கோ 2022-க்கோ மாற்றியே ஆக வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் பழைய ஹோஸ்ட்டில் பழகிய கை வைத்தியத்தைப் புதியதிலும் செய்யாதீர்கள்.

2012 காலத்தில் நம்மைப் படுத்தியெடுத்தது நெட்வொர்க் கார்டின் விஎம்க்யூ அமைப்பு. பிராட்காம் நெட்எக்ஸ்ட்ரீம் 1 ஜிகாபிட் கார்டுகளில் அது டீஃபால்ட்டாகவே ஆன். ஹோஸ்ட்டில் ஃபைல் பறக்கும். அதன் மேல் ஓடும் விஎம்மில் ஊரும், பிங் எகிறும். ஹோஸ்ட் நன்றாக இருப்பதாலேயே கார்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. கேபிள், சுவிட்ச் போர்ட், ஆன்ட்டிவைரஸ் என்று சுற்றிவிட்டுத்தான் டிரைவருக்கு வருவோம். இது தெரிந்த சிக்கல்தான் என்று மைக்ரோசாஃப்ட் ஆதரவுக் கட்டுரையே போட்டது: விஎம்க்யூவை அணையுங்கள், அல்லது திருத்திய டிரைவரை ஏற்றுங்கள்.

அன்று பிடித்த பழக்கத்தில் 10 ஜிகாபிட் கார்டிலும் கண்ணை மூடிக்கொண்டு அதை அணைக்கிறோம். அது தவறு. அங்கே அணைத்தால் விசுவிட்ச்சுக்கு வரும் பாக்கெட்டெல்லாம் ஒரே கோரில் குவியும். 10 ஜிகாபிட்டுக்குக் காசு கொடுத்தது வீண். 2019-இல் பார்க்க வேண்டிய இடம் வேறு: விசுவிட்ச்சில் புதிதாக வந்த ஆர்எஸ்சி. உள்ளே வரும் டிசிபி துண்டுகளைச் சேர்த்துத் தரும் அதுவும் டீஃபால்ட்டாக ஆன். விஎம் மந்தமானால் நிறுத்திப் பாருங்கள். பலனில்லை என்றால் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பல வருடங்களாக என்னை அரித்துக்கொண்டிருப்பது, சர்வரைப் பராமரிப்புக்கு ஒப்படைக்கும்போது தரும் கோப்பு. அதில் சீரியல் எண் இருக்கும், வாரண்டித் தேதி இருக்கும், ரேக்கின் புகைப்படம்கூட இருக்கும். கார்டின் டிரைவர் பதிப்பு இருக்காது. எந்த அமைப்பு ஆனில் இருந்தது என்று ஒரு வரி இருக்காது.

ஓர் அலுவலகத்தின் பராமரிப்பு ஒருகாலத்தில் என்னிடம் இருந்தது. பதினோரு நாள் மந்தம். காரணம் டிரைவரின் டீஃபால்ட் அமைப்பு என்று கண்டுபிடித்து, எழுதிக் கொடுத்து, சரிசெய்தும் காட்டினேன். வந்த பதில் அபராத உத்தரவு. சர்வரை விற்றவர்களிடம் ஒரு கேள்வி இல்லை. ஏற்புச் சோதனையில் கையெழுத்திட்ட அதிகாரியிடமும் இல்லை. குறையைக் கண்டுபிடித்தவன்தான் பணம் கட்டினான். அந்த மாதம் என் பையன்கள் இருவருக்குச் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தேன்.

டெண்டர் எழுதுபவர்களைக் கேட்கிறேன்: '1 ஜிகாபிட் போர்ட், 4 எண்ணிக்கை' என்பதோடு உங்கள் விவரக்குறிப்பு ஏன் முடிந்துவிடுகிறது? எந்தச் சிப் என்று கேட்பதில்லை. விஎம்முக்குள்ளிருந்து வேகத்தை அளந்து காட்டச் சொல்வதில்லை. குறைந்த விலைக்காரரிடம் பெட்டியை வாங்கிவிட்டு, அதற்குள் யாரோ வைத்த டீஃபால்ட்டுக்குப் பராமரிப்பவனைப் பிடிக்கிறீர்கள். தணிக்கைக்கு வருபவர்களும் கேபிளில் லேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த இதழோடு ஒரு பக்கப் படிவம் இணைத்திருக்கிறோம். கார்டு, சிப், டிரைவர் பதிப்பு, ஃபர்ம்வேர், விஎம்க்யூ, ஆர்எஸ்சி, ஹோஸ்ட்டில் வேகம், விஎம்மில் வேகம். டீமிங் இருந்தால் ஒவ்வொரு கார்டுக்கும் தனி வரி. டிரைவரை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்புங்கள். ஒப்படைக்கும் அன்றே இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒப்படைப்பவர்கள் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்காமல் சர்வர் அறையின் சாவியைக் கையில் வாங்காதீர்கள்.