விதை நெல்லைச் சமைக்கலாமா?

மனித உடம்பில் உயிரணுக்கள் செங்கல் போல அடுக்கப்பட்டு இருக்கின்றன. செங்கற்களுக்கு இடையே சந்து இருந்தால் என்ன ஆகும்? சுவர் ஒழுகும்!

அந்தச் சந்தை அடைக்கும் புரதத்தின் பெயர் "கிளாடின்". ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுகிதாவும், புருசேயும் 1998-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். எதில் இருந்து? கோழி ஈரலில் இருந்து!

"கோழி ஈரலை ஆராய்ந்து என்ன பயன்?" என்று கேட்கத் தோன்றும்.

2002-ல் ஒரு விடை கிடைத்தது. ஒரு வகைக் கிளாடின் இல்லாமல் பிறந்த சுண்டெலிக் குட்டிகள், தோல் வழியே நீர் வற்றி, ஒரே நாளில் மாண்டன.

இன்னொரு வகைக் கிளாடின் இரைப்பையில் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் சிலருக்கு, புற்று அணுக்களின் மேல் அது வெளியே தெரிகிறது. அதையே குறி வைத்துத் தாக்கும் மருந்துக்கு 2024-ல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. அந்த மருந்து நோயை அடியோடு ஒழிப்பது இல்லை. ஆனால் ஆயுளை நீட்டுகிறது.

அதைக் காண சுகிதா உயிரோடு இல்லை. 2005-ல் அவர் காலமாகி விட்டார்.

கோழி ஈரலில் இருந்து மருந்து வரை 26 ஆண்டுகள்! ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு அல்ல, விதை நெல். பசிக்கிறது என்று அதைச் சமைத்து விட்டால், நாளைக்கு அறுவடை ஏது?