ஒரு பெயர், மூன்று வேஷம்

ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்பினான், ஜாவா எழுதும் மச்சினன்.

'என்னடா ஆச்சு?'

'ஒரே எழுத்து, அத்தான்! ஒருத்தருக்கும் ரசீது போகலை.'

'இமெயில்' என்பதைச் சின்ன இ, பெரிய எம் போட்டு எழுதியிருக்கிறான். அதற்கு 'கெட்' மெத்தடைத் தானே தயாரித்த லாம்போக் லைப்ரரி, இ-யையும் பெரிசாக்கியது. அதைப் படித்த ஜாக்சன் லைப்ரரி, முன்னால் நிற்கும் பெரிய எழுத்தையெல்லாம் சின்னதாக்கி அனுப்பியது. 1997 ஜாவாபீன்ஸ் விதியோ, முதல் இரண்டும் பெரிசென்றால் தொடாதே என்கிறது! ரசீது புரோகிராம் பழைய பெயரையே தேடி, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

மருந்து?

'ஜேஸன்பிராப்பர்ட்டின்னு ஒரு வரி போட்டு, பெயரை நாமே சொல்லிடணும்.'

பி.காம். மூளைக்குப் புரிந்தது. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல். லோன் கிடைக்குமா, சார்?