குதிரைக்கு மட்டும் ஹெல்மெட் வேண்டாமா?

ஓசூர்க்காரன் குதிரையைப் பற்றி எழுதினால் சிரிப்பு வரும்தான். எங்கள் ஊர் என்றால் சிப்காட், ஷிஃப்ட் பஸ், ரோஜாத் தோட்டம், பெங்களூரு டிராஃபிக், இவ்வளவுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கப்பட்டதே ஆங்கிலேயர்களின் ராணுவக் குதிரைகளுக்காகத்தான். மாடுகள் எல்லாம் பிறகு வந்தவை. அதனால் எனக்கும் குதிரை பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

விஷயத்துக்கு வருகிறேன். போன ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். காலை ஏழரை மணி. புல்வெளி முழுக்க உப்பு தூவின மாதிரி உறைபனி. என் தங்கச்சிக்கு (சித்தப்பா பெண், எட்டாவது படிக்கிறாள்) குதிரை ஏறியே ஆக வேண்டும். குதிரைக்கார அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்திக்கொண்டு போனார். சித்தப்பாவுக்கு வீடியோ நன்றாக வர வேண்டும். "கொஞ்சம் ஓட விடுப்பா, நடந்தா நல்லாவா இருக்கு?" என்றார். "புல்லு ஈரமா இருக்கு சார், வெயில் ஏறட்டும்" என்றார் அவர். சித்தப்பா விடவில்லை, கூட ஐம்பது ரூபாய் தருகிறேன் என்றார். ஓட விட்டார். திரும்புகிற இடத்தில் குதிரையின் பின்னங்கால் இரண்டும் வழுக்கி அது பக்கவாட்டில் சாய்ந்தது. தங்கச்சி கீழே. மணிக்கட்டு எலும்பு முறிவு. தலை விழுந்தது புல்லில். ஒரு முழம் தள்ளி சிமெண்ட் கட்டை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் புரட்டுகிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சித்தப்பா ஓசூரில் பைக் எடுத்தால் பின்னால் உட்காரும் தங்கச்சிக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டுத்தான் கிளம்புவார். அவ்வளவு கறாரான மனிதர். அந்தப் பிள்ளையைக் குதிரை மேல் வெறும் தலையோடு ஏற்றிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது தோன்றவில்லையே!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பைக்கில் உட்கார்ந்தால் நம் தலை தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. குதிரை மேல் உட்கார்ந்தால் ஏழெட்டு அடி. பைக்குக்கு பிரேக் உண்டு, அது எதையும் பார்த்து மிரளாது. குதிரைக்கு சொந்தமாக ஒரு மனசு உண்டு. பிளாஸ்டிக் கவர் பறந்தாலே துள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு பைக்குக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. குதிரைக்கு எஞ்சின் இல்லை, அதனால் அந்தச் சட்டம் அதன் பக்கமே வராது. சட்டம் சொல்லாததால் ஆபத்து இல்லை என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

"நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு எதற்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டவர் கோர்ட்னி கிங்-டை. 2010 மார்ச்சில் சாதாரணப் பயிற்சியின்போது அவருடைய குதிரை கால் இடறி விழுந்தது. பனி இல்லை, ஐஸ் இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. மண்டை ஓடு உடைந்து பல வாரங்கள் கோமாவில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் அந்த உலகத்தில் ஹெல்மெட் பற்றிய பேச்சு பெரிதாகக் கிளம்பியது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு டிரெஸ்ஸாஜ் போட்டிகளிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 2021-ல். ஒலிம்பிக் வீராங்கனைக்கே அந்த நிலை. முதன்முதலாக ஏறுகிற எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு?

இனி பனி. பனியில் குதிரை ஏன் வழுக்குகிறது என்று தேடிப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். குதிரையின் குளம்பு இயற்கையிலேயே ஓரளவு பிடிமானம் உள்ளது. நாம் அடிக்கிற லாடம்தான் வழவழப்பான இரும்பு. தார் ரோட்டில் தேய்ந்து தேய்ந்து இன்னும் வழவழப்பாகிவிடும். உறைந்த தரையில் அது எப்படி நிற்கும்? நல்ல பனி பெய்யும் இடங்களில் இன்னொரு தொல்லை. லாடத்துக்குள் சிக்கும் பனி குளம்பின் சூட்டில் கொஞ்சம் உருகி, மறுபடி இறுகி, பந்து மாதிரி ஆகிவிடும். குதிரை நான்கு உருண்டைகள் மேல் நடக்க வேண்டியதுதான். குளிர்நாடுகளில் இதற்காகவே லாடத்தில் டங்ஸ்டன் கார்பைடு முனைகள் வைக்கிறார்கள், அடியில் பட்டை வைக்கிறார்கள், அல்லது குளிர்காலம் முழுக்க லாடத்தையே கழற்றிவிடுகிறார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் குளம்புக்குள் கிரீஸ் தடவுகிறார்கள். இறுகிப்போன தரையில் நடையைத் தவிர வேறு வேகம் கூடாது என்பது அங்கே பாலபாடம். ரொம்ப மோசமான இடம் வந்தால் இறங்கிக் கூட நடக்க வேண்டும்.

"தமிழ்நாட்டில் ஐஸ் எங்கேப்பா?" என்று கேட்பீர்கள். ஊட்டியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காந்தல், தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுவது எல்லா வருடமும் செய்தித்தாளில் வருகிறது. வெயில் பட்டு அது உருகுகிற நேரம்தான் புல் சோப்பு போட்ட மாதிரி இருக்கும். நம்ம ஓசூரில் உறைபனி இல்லை. ஆனால் டிசம்பர் காலையில் பனிமூட்டம் இறங்கினால் தேசிய நெடுஞ்சாலை 44-ல் முன்னால் போகும் லாரி தெரியாது. தாரும் சிமெண்டும் ஈரமாகிவிடும். பெங்களூரு பக்கம் வார இறுதியில் குதிரையேற்றம் கற்கப் போகிற நண்பர்கள் சிலர் எனக்கே இருக்கிறார்கள். அவர்கள் போவதும் அதே விடிகாலையில்தான்.

அதை விட முக்கியம், நாம் சும்மா இருக்கிறோமா? மணாலி, குல்மார்க், கேதார்நாத் என்று வருடா வருடம் போகிறோம். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை. கோயில் 3,500 மீட்டருக்கு மேலே. வாழ்நாளில் குதிரையைத் தொட்டே பார்க்காத பெரியவர்கள் கோவேறு கழுதை மேல் ஏறிப் போகிறார்கள். 2023-ல் நடை திறந்த ஏப்ரல் மாதத்திலேயே பனி கொட்டியது. அதற்கு முந்தைய 2022 பருவத்தில் அந்தப் பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்துப்போயின. ஓய்வே இல்லாமல் ஓட்டியது பெரிய காரணம். இன்னொன்று தண்ணீர். ஜில்லென்ற தண்ணீரைக் குதிரை சரியாகக் குடிக்காது. உலர்ந்த தீவனம் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது, வயிற்று வலியே அதைக் கொன்றுவிடும். களைத்துப்போன மிருகம் பனிப்பாதையில் கால் தவறினால் மேலே இருப்பவருக்கும் அதே பள்ளத்தாக்குதான். குதிரையின் பாதுகாப்பு வேறு, நம் பாதுகாப்பு வேறு என்று பிரிக்கவே முடியாது.

நம் நாட்டில் பாரம் சுமக்கும் மிருகங்களுக்கான 1965-ஆம் வருட விதிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மதியம் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. வெயிலை யோசித்தவர்கள் பனியை யோசிக்கவில்லை.

குதிரைக்காரர்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்றுதான் காசு. "இப்போ வேண்டாம் சார்" என்று ஒருவர் சொன்னால் நாம் அடுத்த குதிரைக்காரரிடம் போய்விடுவோம். ஜாக்கிரதையாக இருப்பவருக்கு நஷ்டம், துணிந்து ஓட்டுபவருக்கு லாபம். அதனால்தான் இதை அவர்கள் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் கேட்பது மூன்றே மூன்று:

1. சுற்றுலா இடங்களில் குதிரை நிற்கும் இடத்திலேயே வாடகை ஹெல்மெட். மாட்டாதவருக்குக் குதிரை இல்லை.

2. உறைபனி விழுந்த நாளில் தரை காய்ந்த பிறகுதான் சவாரி. இரண்டு மணி நேரம் தாமதமானால் யாருக்கும் குடி முழுகாது.

3. ஓட விடுவதா வேண்டாமா என்பதில் குதிரைக்காரர் சொல்வதுதான் முடிவு. காசு கூடக் கொடுத்து அதை மாற்றக் கூடாது.

மூன்றாவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, நாம் நினைத்தால் போதும். அன்றைக்கு அந்த அண்ணன் சரியாகத்தான் சொன்னார். அவருக்கு அந்தப் புல்லும் தெரியும், அந்தக் குதிரையும் தெரியும். எங்களிடம் இருந்தது ஐம்பது ரூபாயும் ஒரு செல்போனும்தான்.

தங்கச்சிக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள், கை இப்போது சரியாகிவிட்டது. மறுபடி குதிரை ஏற வேண்டும் என்கிறாள். ஏறட்டும். இந்த முறை வீட்டிலிருந்தே ஹெல்மெட் எடுத்துப் போகிறோம். குதிரையேற்ற ஹெல்மெட் தனி ரகம், அது கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் வெறும் தலையை விட சித்தப்பா வண்டியில் தொங்குகிற ஹெல்மெட் எவ்வளவோ மேல். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்!