உலகத்துப் பாட்டு

சென்ற மாதம் மாசாயில் ஒரு கடைவீட்டு மாடிச் சபையில் பாஸ்டர் முழங்கினார். நாவலும் சினிமாப் பாட்டும் பிசாசின் தந்திரமாம். "உலகத்துப் பாட்டைக் காதுல வெச்சிருக்கிறவன் இருதயத்துல இயேசு எங்க தங்குவாரு?" என்றார். முன்வரிசையில் அம்மா ஆமென் சொன்னார். பின்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது.

அக்கா ஆறு வருடங்களுக்கு முன் அம்மாவின் நகையை எடுத்துக்கொண்டு ஒருவனோடு போனாள். தெரிந்தேதான் போனாள். போன வருடம் கைக்குழந்தையோடு திரும்பினாள். அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வெந்நீர் வைக்கப் போனார். சபைதான் விசாரித்தது. எல்லார் முன்னாலும் பாவ அறிக்கை செய்தால்தான் திருவிருந்து என்றது. நானும் நாலு மாதம் அவளோடு பேசவில்லை. பாஸ்டரைத் திட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

என்னைப் பேச வைத்தது ஒரு சிறுகதை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரனுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம், விடியற்காலையில் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும் நேரம்தான். அப்படி ஒரு நாள் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' படித்தேன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழையில் ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்த பெண் வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவள் ஒரு பிராமண விதவை. கதைக்குத் தலைப்பு சீதையிடமிருந்து வந்தது. சிலுவை எங்கேயும் இல்லை. ஆனால் ஞானஸ்நானம் என்றால் என்ன என்று இருபது வருட ஞாயிறுகளில் எனக்குப் புரியாதது அந்தக் குளியலறையில் புரிந்தது.

கதை வந்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். தாய் எப்படி மன்னிக்கலாம் என்பதுதான் அவர்கள் கோபம். ஜெயகாந்தன் அதே கதையைத் திருப்பிப் போட்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதில் தாய் கத்தி ஊரைக் கூட்டுகிறாள், அண்ணன் துரத்துகிறான். 1972-இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கொதித்த வாசகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். லூக்கா 15-இல் தம்பிக்கு விருந்து வைத்த வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று வாசலில் முறைத்துக்கொண்டு நிற்கும் மூத்த மகன்கள் அவர்கள். நாலு மாதம் நானும் அங்கேதான் நின்றேன்.

இங்கே ஒரு நண்பர் மறித்தார்: "ஜெயகாந்தனுக்கே ஞானஸ்நானம் கொடுத்திட்டியாடா?" இல்லை. அவரை யாரும் மதம் மாற்ற வேண்டாம். சொல்லப்போனால் அந்தக் கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தப் பெண் உலகம் தெரியாத குழந்தை என்பதால் நமக்கு மன்னிப்பது சுலபமாகிவிடுகிறது. என் அக்கா தெரிந்து போனவள். இளைய குமாரனும் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தெரிந்தேதான் போனான். அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வசனத்தை முடிப்பதற்குள் அப்பா வேலைக்காரர்களிடம் புது வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். பாவ அறிக்கைக்கு அவர் மைக் நீட்டவில்லை.

அந்த எல்லையைத் தாண்டிப் போனது பாட்டுதான், அதுவும் சிவன் பாட்டு. 2005-இல் வந்த இளையராஜாவின் திருவாசக சிம்பொனி. மாணிக்கவாசகர் தனக்காக வாதாடுவதே இல்லை. தெரியாமல் செய்தேன் என்று ஒரு சால்ஜாப்பும் கிடையாது. நாயைவிடக் கீழானவன் என்று தன்னை வைத்துக்கொண்டு, அப்படிப்பட்டவனைத் தேடி வந்தாயே என்று உருகுகிறார். புடாபெஸ்ட் வயலின்கள் எழும்பும்போது பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொள்வது கொஞ்சம் வெட்கமான விஷயம். அந்த ஆல்பத்துக்குப் பின்னால் நின்றவர் ஜெகத் கஸ்பார் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே, 1900-இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி. யு. போப் 1839-இல் மிஷனரியாகத் தமிழ்நாடு வந்தவர். இவர்கள் காதில் போகலாம், என் காதில் மட்டும் பிசாசு புகுந்துவிடுமா?

நம் சபைகளில் இப்போது பாடுவதைக் கேளுங்கள். விசுவாசித்தால் வீடு வரும், காணிக்கை கொடுத்தால் பத்து மடங்கு வரும். கீபோர்டு வைத்த வியாபார ஒப்பந்தம். இதை ஆவிக்குரிய பாட்டு என்றும் திருவாசகத்தை உலகத்துப் பாட்டு என்றும் எந்தத் தராசில் நிறுத்தார்களோ!

புனைவே கூடாது என்றால் முதலில் லூக்கா 15-ஐக் கிழிக்க வேண்டும். இளைய குமாரன் என்று யாரும் பிறக்கவில்லை. இயேசு கட்டிச் சொன்ன கதை அது. பன்யனின் கதையை எடுத்துக் கம்பன் வழியில் 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதிய கிருஷ்ணபிள்ளையையும் சபையை விட்டு நீக்க வேண்டியிருக்கும்.

திருவாசகத்தை ஒரு நாள் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். "ஒப்பாரி மாதிரி இருக்குடா" என்றாள். குழந்தை தூங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. அக்காவுக்கு நீட்டாத தட்டிலிருந்து நானும் எடுக்கப்போவதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. பாஸ்டரிடம் சொல்லவில்லை. இதைப் படித்து அவர் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, இதுவும் உலகத்து எழுத்துதானே.