பிச்சையா? பங்கா?

நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குச் சாக்கடை வேண்டுமானால், அங்குள்ள ஏழை மக்கள் சாமிக்கு நேர்த்திக்கடன் கொண்டுபோவது போல் மனுவோடு கைகட்டி நிற்கிறார்கள். கிடைத்தால் "புண்ணியவான் கொடுத்தார்" என்கிறார்கள். கிடைக்காவிட்டால் "தலைவிதி" என்கிறார்கள். இரண்டும் மூடநம்பிக்கையே என்கின்றோம்.

யார் வீட்டுப் பணத்தை யார் கொடுப்பது? சோப்பு வாங்கும்போதெல்லாம் வரி கொடுப்பவன் கூலிக்காரனல்லவா? ஆகவே அவன் கேட்பது பிச்சையல்ல, பங்கு.

அப்பங்கில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று பேசத்தான் வார்டுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். 1993-இல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபையின் ஆயுள் ஐந்தாண்டு என்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்குகிறது. புதுவையிலோ 1968-க்குப் பின் 38 ஆண்டு கழித்து 2006-இல்தான் தேர்தல் நடந்தது. அச்சபையின் காலம் 2011-இல் முடிந்தது. பிறகு பத்தாண்டுக்கு மேலும் தேர்தலில்லை. சபையே இல்லாதபோது ஒதுக்கிய இடம் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

"சட்டசபைக்கு ஆள் அனுப்புகிறோமே, போதாதா?" என்று சிலர் கேட்கலாம். தொகுதி முழுதுக்கும் ஓர் ஆள். அவரிடம் உங்கள் சந்தின் முறை எப்போது வருவது?

ஆதலால் கும்பிடுவதை நிறுத்துங்கள். நமது வார்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். அந்தக் கணக்கைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பிறகு தேர்தல் எங்கே என்று கேளுங்கள். கேட்காதவனுக்குக் கடவுளும் கொடுத்ததில்லை, சர்க்காரும் கொடுக்கப் போவதில்லை.